மார்பக அறுவைக்குப் பிறகு வீட்டில்: டிரெயின், தோள், உதவிக்கு ஆள் – விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்

#1 அல்லி (இழையைத் தொடங்கியவர்)

மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் தேதி குறித்ததும் வீட்டில் ஆளாளுக்குக் கேட்பது "நாங்க என்ன செய்யணும்?" என்றுதான். டிஸ்சார்ஜ் தாளில் நாலு வரி இருக்கும். வீட்டுக்கு வந்த முதல் ராத்திரி எழும் கேள்விகளுக்கு அது போதாது. இந்தக் குழுவில் செவிலியர், பிசியோ, லேப் ஆட்கள், உதவிக்குழுவில் வேலை செய்பவர்கள் எல்லோரும் இருக்கிறீர்கள். உங்கள் வேலையில் தெரிந்ததைச் செய்முறையாக எழுதுங்கள். சொந்த அனுபவங்களுக்கு வேறு இழை இருக்கிறது. மருந்து விஷயத்தில் உங்கள் மருத்துவர் சொல்வதே முடிவு.

முதலில் ஒன்று. "ஆபரேஷன்" என்று பொதுவாகச் சொன்னால் எதையும் திட்டமிட முடியாது. இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேளுங்கள்: மார்பில் என்ன செய்கிறார்கள்? அக்குளில் என்ன செய்கிறார்கள்?

மார்பில், கட்டியைச் சுற்றிலும் கொஞ்சம் நல்ல திசுவோடு சேர்த்து எடுப்பது ஒன்று. முழு மார்பகத்தையும் எடுப்பது இன்னொன்று. அக்குளில், நிணநீர் முதலில் போய்ச் சேரும் ஒன்றிரண்டு முடிச்சுகளை மட்டும் எடுத்துப் பார்ப்பது (சென்டினல் சோதனை) ஒன்று. அக்குள் கொழுப்போடு பத்துக்கும் மேற்பட்ட முடிச்சுகளை மொத்தமாக எடுப்பது இன்னொன்று. வீட்டில் எத்தனை நாள் ஆள் வேண்டும், டிரெயின் (காயத்தில் சுரக்கும் நீரை வெளியே எடுக்கும் குழாய்) இருக்குமா, நிணநீர் தேங்கிக் கை வீங்குமா என்பதையெல்லாம் பெரும்பாலும் இந்த இரண்டாவது கேள்விதான் தீர்மானிக்கிறது. கட்டி மட்டும், சென்டினல் மட்டும் என்றால் பலர் அன்றோ மறுநாளோ டிரெயின் இல்லாமல் வீடு திரும்பிவிடுவார்கள்.

#2 மருதாணி

முழுசா எடுத்துட்டா பாதுகாப்புதானே? வீட்டுல பெரியவங்க எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. எதுக்குப் பாதி வேலைன்னு.

#3 கண்ணாடிச்சில்லு (நோய்க்குறியியல் லேப்)

இல்லை. இது 1970களிலேயே நேரடியாகச் சோதிக்கப்பட்ட கேள்வி. இத்தாலியில் உம்பர்ட்டோ வெரோனேசியும் அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷரும் தனித்தனியே நடத்திய ஆய்வுகளின் 20 ஆண்டு முடிவுகள் 2002இல் ஒரே மருத்துவ இதழில் வெளிவந்தன. மார்பகம் முழுவதையும் எடுத்தவர்களும், கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு பெற்றவர்களும் ஒரே அளவுதான் உயிர் வாழ்ந்தார்கள். மிச்சம் வைத்த மார்பகத்தில் மறுபடி வரும் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல், அதையும் கதிர்வீச்சு பெருமளவு குறைக்கிறது. அதனால் கட்டியை மட்டும் எடுப்பது பாதி வேலை ஆகாது. கதிர்வீச்சோடு சேர்ந்து அது முழு சிகிச்சை.

முழுவதும் எடுத்தே ஆக வேண்டிய நிலைகளும் உண்டு: மார்பகத்தின் வெவ்வேறு பகுதிகளில் பரவலாக இருப்பது, அழற்சி வகைப் புற்றுநோய், அதே மார்பில் முன்பே கதிர்வீச்சு வாங்கியிருப்பது போன்றவை. கதிர்வீச்சே வேண்டாம் என்று நினைத்து முழுதாக எடுத்துக்கொள்ள விரும்புகிறவர்களும் உண்டு, அது அவர்கள் உரிமை. ஆனால் முழுதாக எடுத்தாலும் கட்டி பெரிதாக இருந்தாலோ முடிச்சுகளில் பரவியிருந்தாலோ கதிர்வீச்சு தேவைப்படலாம். இதை முன்கூட்டியே கேட்டுவிட்டு முடிவெடுங்கள். பயத்தில் முடிவெடுத்துவிட்டுப் பிறகு கதிர்வீச்சும் உண்டு என்று தெரியவரும்போது வரும் ஏமாற்றம் பெரிது.

#4 வார்டுசெவிலி

ஆபரேஷனுக்கு முந்தின வாரம் செய்ய வேண்டியதை நான் சொல்றேன்.

சாப்பிடற மருந்து எல்லாத்தையும், சத்து மாத்திரை, மீன் எண்ணெய், மூலிகை உட்பட, ஒரு தாள்ல எழுதி மயக்க மருந்து டாக்டர்கிட்ட காட்டுங்க. ரத்தம் உறையாம இருக்கப் போடற மாத்திரையை நீங்களா நிறுத்தவும் கூடாது, சொல்லாம தொடரவும் கூடாது. சர்க்கரை மாத்திரைக்கும் அப்படியேதான். புகைப்பழக்கம் இருந்தா இன்னைக்கே நிறுத்தணும். தோலின் ஓரத்துக்கு ரத்த ஓட்டம் குறைஞ்சு தையல் விளிம்பு கறுத்துப்போறதுக்கு அது ஒரு பெரிய காரணம்.

அக்குள் முடியை வீட்டுல பிளேடு வச்சு எடுக்காதீங்க. கண்ணுக்குத் தெரியாத கீறல் வழியா கிருமி நுழையும். தேவைப்பட்டா ஆஸ்பத்திரியில மெஷின்ல வெட்டிவிடுவாங்க. அன்னைக்கு பவுடர், டியோடரன்ட், நகப்பூச்சு வேண்டாம். பொதுவா கெட்டி ஆகாரத்தை 6 மணி நேரத்துக்கு முன்னாடியும் வெறும் தண்ணியை 2 மணி நேரத்துக்கு முன்னாடியும் நிறுத்தச் சொல்வாங்க. உங்க ஆஸ்பத்திரி வேற நேரம் சொன்னா அதுதான் கணக்கு.

எடுத்துப் போக: முன்பக்கம் முழுசாத் திறக்கிற தளர்வான சட்டை ரெண்டு, சின்னத் தலையணை ஒண்ணு, ஊக்கு. தலைவழியா மாட்டற உடை எதுவும் கொஞ்ச நாளைக்கு உதவாது. வீட்டுல அன்றாடம் எடுக்கிற சாமான்களை இடுப்புக்கும் தோளுக்கும் நடுவுல இருக்கிற தட்டுக்கு மாத்தி வைங்க.

சென்டினல் சோதனைக்கு நீலச் சாயம் போட்டிருந்தா ஒரு நாள், ரெண்டு நாள் சிறுநீர் பச்சையாவோ நீலமாவோ போகும். மார்புத் தோல்ல நீலத் திட்டு சில வாரம் இருக்கும். பயப்பட வேண்டாம். ராத்திரி 2 மணிக்கு இதுக்காகவே பதறி ஃபோன் பண்றவங்க உண்டு, முன்னாடியே சொல்லி வைங்க.

#5 வார்டுசெவிலி

டிரெயின் பத்தித் தனியா எழுதறேன், எல்லாரும் தடுமாறுற இடம் இதுதான்.

மார்பகத்தை எடுத்த இடத்துல தோலுக்கும் தசைக்கும் நடுவுல வெற்றிடம் இருக்கும். உடம்பு அதுல நீரைச் சுரக்கும். அந்த நீரை உறிஞ்சி எடுத்தாத்தான் தோல் தசையோட ஒட்டும். அதுக்குத்தான் குழாயும், கையெறி குண்டு மாதிரி இருக்கிற ரப்பர் குமிழும். குமிழ் அமுங்கி இருக்கும்போதுதான் உறிஞ்சும். உப்பிப்போய் உருண்டையா இருந்தா அது வெறும் டப்பா.

காலி பண்ற முறை: கையை சோப்பு போட்டுக் கழுவுங்க. மூடியைத் திறங்க, வாய்ப்பகுதியை விரல் தொடாம. அளவுக் கோப்பையில ஊத்துங்க. குமிழை உள்ளங்கையில வச்சுக் காத்து முழுக்கப் போற வரைக்கும் அமுக்குங்க. அமுக்கின கையை விடாமலே மூடியைப் போடுங்க. கையை விட்டுட்டு மூடியைப் போட்டா உறிஞ்சல் இருக்காது, ரொம்பப் பேர் இதைத்தான் தவறவிடறாங்க. அளவு, நிறம், நேரம் மூணையும் எழுதுங்க. ரெண்டு டிரெயின் இருந்தா 1, 2ன்னு ஒட்டித் தனித்தனிக் கணக்கு. கூட்டி எழுதினா எதை எடுக்கலாம்னு டாக்டருக்குத் தெரியாது.

குமிழ் பாதி நிறைஞ்சா காலி பண்ணணும், எப்படியும் ஒரு நாளைக்கு ரெண்டு மூணு தடவை. காயத்தைவிடத் தாழ்வா சட்டை உள்பக்கம் ஊக்கு போட்டு மாட்டுங்க, தொங்க விடாதீங்க. கதவுக் கைப்பிடியில மாட்டித் தையலோட இழுத்துக்கிறது சாதாரணமா நடக்கும். உடம்பு துடைக்கும்போது கழுத்துல ஒரு நாடா கட்டி அதுல மாட்டிக்கலாம்.

நிறம் முதல்ல சிவப்பு, அப்புறம் ரோஸ், கடைசியா வைக்கோல் மஞ்சள். அளவு நாளுக்கு நாள் குறையணும். பல இடத்துல 24 மணி நேரத்துக்கு 30 மி.லி.க்குக் கீழ ரெண்டு நாள் தொடர்ந்து வந்தா எடுப்பாங்க. ஒரு வாரத்துலயும் முடியலாம், மூணு வாரமும் ஆகலாம். நாள் கூடினா ஏதோ தப்புன்னு அர்த்தம் இல்ல.

உடனே போக வேண்டியது: குமிழ் மளமளன்னு பளிச் சிவப்பு ரத்தத்தால நிறையறது, ஒரு பக்கம் மார்பு கெட்டியா புடைச்சு இறுகறது (ரத்தக்கட்டு, பெரும்பாலும் முதல் ரெண்டு நாள்ல), 38 டிகிரி செல்சியஸுக்கு மேல காய்ச்சல், நாற்றம், சீழ், பரவற சிவப்பு. குழாய் நுழையற இடத்துல சின்னதா சிவந்திருக்கிறது உரசலால வரும். பேனாவால அதைச் சுத்திக் கோடு போட்டு வைங்க. கோட்டைத் தாண்டினா காட்டணும்.

ஆடுசதை வலி, ஒரு கால் மட்டும் வீக்கம், திடீர் மூச்சுத்திணறல் – இது டிரெயினோட சம்பந்தமில்லாத வேற ஆபத்து, ரத்த உறைவு. காலையில பார்த்துக்கலாம்னு இருக்கக்கூடாது.

#6 தாழம்பூ

குழாயில் நூல் மாதிரி ரத்தக்கட்டி நிற்கிறது, குமிழில் எதுவும் இறங்கவில்லை, குழாயைச் சுற்றித் துணி நனைகிறது என்றால்? உருவிவிடச் சொல்கிறார்கள். செய்யலாமா?

#7 வார்டுசெவிலி

குமிழ்ல வராம குழாய் ஓரமா கசிஞ்சா பெரும்பாலும் அடைப்புதான். உருவறதுல ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி கருத்து வேற. திடீர்னு உறிஞ்சல் அழுத்தம் கூடும்னு சில இடத்துல வேண்டாம்பாங்க. செய்யச் சொல்லியிருந்தா மட்டும் இப்படி: தோலுக்குப் பக்கத்துல குழாயை ஒரு கை விரலால கெட்டியாப் பிடிச்சுக்கணும், அந்தக் கை அசையவே கூடாது. இன்னொரு கையால ஸ்பிரிட் பஞ்சு வச்சு வழுக்கிக் குமிழ் பக்கமா உருவணும். முதல் கை பிடிக்கலைன்னா இழுப்பு முழுக்கத் தையலுக்குப் போகும். ரெண்டு மூணு தடவைக்கு மேல சரியாகலைன்னா வார்டுக்கு ஃபோன்.

#8 தோள்மூட்டு (பிசியோ)

இந்த இழையில் நான் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். வீட்டார் அன்பால் செய்யும் மிகப் பெரிய கெடுதல், அந்தக் கையை அசையவிடாமல் வைப்பது. சாப்பாடு ஊட்டிவிடுவது, தலை சீவிவிடுவது, சட்டை மாட்டிவிடுவது, "நீ சும்மா இரு" என்று தண்ணீர்க் கோப்பையைக்கூட எடுத்துக் கொடுப்பது. இரண்டு மூன்று வாரத்தில் தோள் இறுகிவிடும். இறுகிய தோளைத் திரும்பக் கொண்டுவரப் பல மாதங்கள் ஆகும்.

இதில் காலக்கெடுவும் இருக்கிறது. கதிர்வீச்சுக்குப் படுக்க வைக்கும்போது கையைத் தலைக்கு மேல் தூக்கி, தாங்கியில் வைத்து, பல நிமிடம் அசையாமல் இருக்க வேண்டும். முதல் ஸ்கேனில் எந்த நிலையில் படுத்தாரோ அதே நிலை தினமும் வர வேண்டும். கை ஏறாவிட்டால் ஸ்கேன் தள்ளிப்போகும், சிகிச்சையே தாமதமாகும். கீமோ இல்லாதவர்களுக்கு ஆபரேஷன் முடிந்த சில வாரங்களிலேயே இந்த நாள் வந்துவிடும். ஆகவே தோள்பயிற்சி சிகிச்சையின் ஒரு பகுதி.

டிரெயின் இருக்கும் வரை: முதல் நாளிலிருந்தே கையை மூடித் திறப்பது, முழங்கையை மடக்கி நீட்டுவது, தோளை முன்னும் பின்னும் சுழற்றுவது, ஆழ்ந்த மூச்சு ஐந்தாறு. நாளைக்கு மூன்று நான்கு வேளை. முழங்கை தோள் உயரத்தைத் தாண்டக்கூடாது; சீக்கிரமே மிக உயரத் தூக்கினால் நீர் அதிகம் சுரக்கும். ஆனால் சாப்பிடுவது, முகம் கழுவுவது, தலை சீவுவது எல்லாம் அதே கையால்தான். முழங்கையை மேஜையில் தாங்கிக்கொண்டு சீவலாம்.

டிரெயின் எடுத்து, மருத்துவர் சரி என்றபின்:

மல்லாந்து படுத்து ஒரு கோலை இரண்டு கையாலும் பிடித்து, நல்ல கையின் உதவியோடு தலைக்கு மேல் கொண்டுபோங்கள். இழுப்பு தெரியும் இடத்தில் 5 விநாடி. 5 முதல் 7 முறை.

அதே படுக்கையில் கைகளைக் கழுத்துக்குப் பின்னால் கோத்து, முழங்கைகளை மெல்ல இரண்டு பக்கமும் படுக்கையை நோக்கி இறக்குங்கள். கதிர்வீச்சு நிலைக்கு நேரடியாக உதவும் பயிற்சி இது.

சுவரைப் பார்த்து நின்று விரல்களால் மேலே ஏறுங்கள். எட்டிய உயரத்தில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். பிறகு பக்கவாட்டில் நின்று அதையே செய்யுங்கள்.

பெரும்பாலோர் செய்யும் பிழை: கை ஏறுவது போலத் தெரிவதற்காகத் தோளைக் காது வரை உயர்த்துவதும், உடம்பை மறுபக்கம் சாய்ப்பதும். கண்ணாடி முன் செய்தால் தெரிந்துவிடும். வலிமாத்திரை போட்டு அரை மணி கழித்துச் செய்தால் எளிது. இழுப்பு இருக்கலாம், குத்தும் வலி இருந்தால் நிறுத்துங்கள். சாதாரணமாக 6 முதல் 8 வாரத்தில் பழைய அசைவு வந்துவிட வேண்டும். வரவில்லையென்றால் காத்திருக்காமல் பிசியோவைப் பாருங்கள்.

மார்பக மறுசீரமைப்பு சேர்த்துச் செய்துகொண்டவர்களுக்கு இந்த அட்டவணை பொருந்தாது. வயிற்றுத் திசுவோ முதுகுத் தசையோ எடுத்திருந்தால் அந்தக் காயத்துக்கும் தனி விதிகள் உண்டு. அவர்களின் அறுவை மருத்துவர் சொல்வதுதான்.

#9 மருதாணி

அப்போ எதைத்தான் செய்யவிடக் கூடாது?

#10 தோள்மூட்டு (பிசியோ)

எடை தூக்குவது. முதல் 4 முதல் 6 வாரம் இரண்டு கிலோவுக்கு மேல் வேண்டாம். ஒன்றரை லிட்டர் தண்ணீர் உள்ள பாத்திரமே அந்த அளவை நெருங்கிவிடும். ஈரத்துணி, குழந்தை, மளிகைப்பை, மெத்தையைத் தூக்கி விரிப்பது, தரையைத் தேய்ப்பது, கனமான கதவைத் தள்ளுவது எல்லாம் இதில் அடங்கும். கனமானதை வீட்டார் எடுத்துக்கொள்ளுங்கள், லேசானதை அவருக்கு விட்டுவிடுங்கள்.

வண்டி ஓட்டுவது: திடீரென்று பிரேக் போடவும் ஸ்டியரிங்கை வெட்டித் திருப்பவும் வலியில்லாமல் முடிய வேண்டும், மயக்கம் தரும் வலிமருந்து நிறுத்தியிருக்க வேண்டும். பயணிக்கும்போது சீட் பெல்ட்டுக்கும் மார்புக்கும் நடுவில் சின்னத் தலையணை.

#11 கொடிமுல்லை (உதவிக்குழு ஒருங்கிணைப்பு)

தோள்மூட்டு சொன்னதை உதவி செய்பவர்கள் பக்கமிருந்து தொடர்கிறேன்.

உதவி எப்போதும் முதல் வாரத்தில் வெள்ளமாக வரும், மூன்றாவது வாரம் வற்றிவிடும். தேவையோ நேர்மாறு. ரிப்போர்ட் வருவது, கீமோ தொடங்குவது, கதிர்வீச்சுக்குத் தினமும் போவது எல்லாம் பிறகுதான். அதனால் "என்ன வேணும்னாலும் கேளு" என்பவர்களிடம் முதல் வாரத்தை வாங்காதீர்கள். தேதி போட்டுப் பின்னால் வாங்குங்கள்.

முதலில் ஒரே ஒரு ஒருங்கிணைப்பாளர். அவர் நோயாளியின் வீட்டுக்குள் இருப்பவராக இல்லாமல் இருந்தால் நல்லது. வீட்டில் இருப்பவருக்கு ஏற்கெனவே கை நிறைய வேலை. நலம் விசாரிக்கும் ஃபோன் எல்லாம் அவருக்கே. வாரம் ஒரு முறை என்ன சொல்லலாம் என்று நோயாளியிடம் கேட்டு, அதை மட்டும் எல்லோருக்கும் ஒரே செய்தியாக அனுப்புவார். எதைச் சொல்லக்கூடாது என்றாரோ அது வெளியே போகக்கூடாது.

முதல் இரண்டு மூன்று இரவு யாராவது உடன் படுக்க வேண்டும், அதே அறையில் அல்லது கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில். மல்லாந்து, முதுகை முப்பது நாற்பது டிகிரி உயர்த்தி, கைக்கடியில் தலையணை வைத்துப் படுத்தால், எழ மற்றவர் முதுகுக்குக் கை கொடுக்க வேண்டியிருக்கும். அக்குளைப் பிடித்துத் தூக்கக்கூடாது. டிரெயின் எடுக்கும்வரை தினமும் ஒருவர் கணக்கு எழுத.

கதிர்வீச்சுக் கட்டம் கணக்குப் போட எளிது. வாரத்துக்கு 5 நாள், 3 வாரத் திட்டமென்றால் 15 முறை, 5 வாரத் திட்டமென்றால் 25 முறை. ஐந்து பேர் பிரித்தால் ஆளுக்கு மூன்றோ ஐந்தோ முறைதான். ஒருவரே எல்லா நாளும் போனால் இரண்டாவது வாரம் அவர் களைத்துவிடுவார். கதிர்வீச்சின் களைப்பு சேர்ந்து சேர்ந்து வரும், முடியும் நேரத்தில்தான் உச்சம். கடைசி நாள் முடிந்ததும் உதவியை நிறுத்திவிடாதீர்கள், இன்னும் இரண்டு மூன்று வாரம் அட்டவணை ஓடட்டும்.

கீமோ நாள்களில், மருந்து ஏறிய ஒரு வாரம் பத்து நாளில் வெள்ளணு குறையும். சளி, காய்ச்சல் உள்ளவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம். அப்போது 38 டிகிரி காய்ச்சல் வந்தால் மாத்திரை போட்டுப் பார்க்கலாம் என்று இருக்காமல், ராத்திரியானாலும் ஆஸ்பத்திரி. அந்த இரவுகளுக்கு வண்டியோடு யார் தயார் என்பதையும் அட்டவணையில் எழுதுங்கள்.

பார்க்கப் போகிறவர்கள் கேட்டுவிட்டுப் போங்கள், இருபது நிமிடத்தில் எழுந்துவிடுங்கள். "எத்தனாவது ஸ்டேஜ்?" கேட்காதீர்கள். வேறு யாரோ இறந்த கதை வேண்டாம். காயத்தைக் காட்டச் சொல்ல வேண்டாம். காயத்தில் தடவ எண்ணெய், பொடி, பற்று எதையும் கொண்டுபோக வேண்டாம். "தைரியமா இரு" என்று ஒவ்வொருவரும் சொல்லிவிட்டுப் போனால் அவர் அழக்கூட இடமில்லாமல் போகும். "செவ்வாய் சாயங்காலம் 4லிருந்து 6 வரை பிள்ளையை நான் பார்த்துக்கிறேன், சரியா?" என்று கேளுங்கள். ஆம், இல்லை என்று ஒரு வார்த்தையில் பதில் சொல்லக்கூடிய உதவிதான் உதவி.

இதே சிகிச்சையைக் கடந்தவர் ஒருவர் நேரில் வந்து பேசுவது வேறு யார் பேசுவதையும்விட எடுபடும். 1952இல் நியூயார்க்கில் டெரீஸ் லாசர் "ரீச் டு ரெகவரி" என்று தொடங்கியது இதைத்தான்: அறுவை செய்துகொண்டவர் புதிதாக அறுவை செய்துகொண்டவரைப் போய்ப் பார்ப்பது. இப்போது பல நாடுகளில் இருக்கிறது. உங்கள் ஆஸ்பத்திரியில் அப்படி யாராவது உண்டா என்று கேளுங்கள். வருகிறவர் மருத்துவ அறிவுரை சொல்லாதவராக இருப்பது முக்கியம்.

#12 அல்லி

பிள்ளைகளிடம் சொல்வது பற்றி யாராவது?

#13 கொடிமுல்லை

நோயின் பெயரைச் சொல்லுங்கள். "வயித்து வலி" என்று மறைத்தால் அடுத்த முறை யாருக்கு வயிறு வலித்தாலும் பிள்ளை நடுங்கும். இது ஒட்டிக்கொள்ளாது, உன்னால் வந்ததில்லை, நாளைக்குப் பள்ளிக்கு உன்னை இன்னார் கூட்டிப்போவார் – இந்த மூன்றும் சிறு பிள்ளைக்குக் கட்டாயம் தேவை. "அம்மா தூக்க மாட்டாள், ஆனால் உட்கார்ந்திருக்கும்போது இந்தப் பக்கம் வந்து சாய்ந்துக்கலாம்" என்று நல்ல பக்கத்தைக் காட்டிக் கொடுங்கள்.

கணவருக்கு: காயத்தை முதலில் பார்ப்பது அவளா, இருவரும் சேர்ந்தா என்பது அவள் முடிவு. ஆஸ்பத்திரியில் கட்டுப் பிரிக்கும் நாளில் செவிலியர் உடனிருக்கப் பார்ப்பது பலருக்கு எளிது. வீக்கம், கன்றிய நிறம், தையலின் ஓரத்தில் தோல் மடிப்பு எல்லாம் அப்போது இருக்கும், அது கடைசித் தோற்றம் இல்லை.

#14 கண்ணாடிச்சில்லு

ரிப்போர்ட் பற்றி. ஒன்றிரண்டு வாரம் ஆகும். கைக்கு வந்ததும் கடைசி வரிக்குத் தாவாமல் இவற்றைத் தேடுங்கள்.

கட்டியின் அளவு: 2 செ.மீ. வரை, 2 முதல் 5, 5க்கு மேல் என்று மூன்று படி. தரம் 1, 2, 3: செல்கள் எவ்வளவு மாறிப்போயிருக்கின்றன என்பது. இதை ஸ்டேஜோடு (நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்பது) குழப்ப வேண்டாம். "தரம் 3" என்பதைப் பார்த்து மூன்றாவது ஸ்டேஜ் என்று குடும்பமே இடிந்து உட்கார்வது அடிக்கடி நடக்கிறது. முடிச்சுகள் 2/14 என்றிருந்தால் பதினான்கு எடுத்துப் பார்த்ததில் இரண்டில் செல்கள் இருந்தன என்று பொருள்.

விளிம்பு: எடுத்த திசுவின் வெளிப்புறத்துக்கு மை பூசிவிட்டுத்தான் வெட்டுவோம். மையில் புற்றுசெல் தொட்டுக்கொண்டிருந்தால் இன்னும் மிச்சம் இருக்கலாம், மறுபடி கொஞ்சம் எடுக்க வேண்டி வரும். இது மருத்துவரின் தவறு இல்லை. கண்ணுக்கும் கைக்கும் தெரியாத பரவலை மைக்ரோஸ்கோப்தான் காட்டும்.

ஈ.ஆர்., பி.ஆர். (புற்றுசெல்லில் உள்ள ஹார்மோன் ஏற்பிகள்): ஹார்மோன் மாத்திரை வேலை செய்யுமா என்பது. ஹெர்2 (புற்றுசெல்லின் மேல் இருக்கும் ஒரு புரதம்): 0, 1+, 2+, 3+ என்று வரும். 3+ என்றால் பாசிட்டிவ். 2+ என்றால் முடிவு இன்னும் ஆகவில்லை, ஃபிஷ் போன்ற மேல்சோதனை தேவை. அது வராமல் சிகிச்சை திட்டம் முழுமையாகாது. ஆகவே 2+ பார்த்தால் "மேல்சோதனை அனுப்பியாச்சா?" என்று அன்றே கேளுங்கள்.

எடுத்த திசுவைப் பதித்த மெழுகுக்கட்டியும் கண்ணாடித் தகடும் லேபில் இருக்கும். வேறு மருத்துவரிடம் கருத்து கேட்க அவற்றைத் தரச் சொல்லிக் கேட்கலாம். அதைச் சங்கடமாக நினைக்க வேண்டாம்.

#15 தாழம்பூ

அறுவை முடிந்து ஒரு மாதம் கழித்து அக்குளிலிருந்து முழங்கை வரை கயிறு மாதிரி விறைத்துக்கொண்டு நிற்பது நரம்பா? கை நீட்டினால் இழுக்கிறது என்று கேட்கிறார்கள். உள்கை மரத்தும் இருக்கிறதாம்.

#16 தோள்மூட்டு (பிசியோ)

இரண்டும் வேறு வேறு. கயிறு மாதிரி தெரிவது நிணநீர் நாளங்களைச் சுற்றி இறுகும் திசு. பெரும்பாலும் இரண்டு முதல் எட்டு வாரத்துக்குள் தோன்றும், சிலருக்கு கட்டைவிரல் அடி வரைகூட ஓடும். ஆபத்தில்லை, ஆனால் வலிக்கிறதே என்று கையை மடக்கியே வைத்தால் தோள் இறுகும். கையைப் பக்கவாட்டில் நீட்டி, மணிக்கட்டைப் பின்னால் வளைத்து, மெதுவான இழுப்பு. தெரிந்த பிசியோவிடம் போனால் விரைவில் தளரும். நீங்களாக அமுக்கிப் "பட்" என்று அறுக்கப் பார்க்காதீர்கள்.

மரத்துப்போவது, அக்குள் வழியாக மேல்கையின் உள்பக்கத்துக்குப் போகும் உணர்வு நரம்பு அறுபடுவதாலோ இழுபடுவதாலோ வருவது. பல மாதத்தில் குறையலாம், ஒரு பகுதி அப்படியே நிற்கவும் செய்யலாம். மரத்த இடத்தில் சூட்டுப்பையும் ஐஸும் வைக்காதீர்கள். கொப்புளம் வந்த பிறகுதான் சுட்டதே தெரியும். எரிச்சலும் மின்சாரம் பாய்வது போன்ற வலியும் மூன்று மாதம் தாண்டினால் அது நரம்பு வலி. அதற்குத் தனி மருந்து உண்டு, பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

#17 மருதாணி

கை வீக்கத்துக்கு பயந்து அந்தக் கையில ரத்த அழுத்தமே பார்க்கக் கூடாதுங்கறாங்க. வாழ்நாள் முழுக்கவா?

#18 வார்டுசெவிலி

எங்க வார்டுல இன்னும் அதுதான் விதி. மறுகை இருக்கும்போது அதைப் பயன்படுத்தறதுல நஷ்டம் என்ன?

#19 தோள்மூட்டு (பிசியோ)

நஷ்டம் இல்லை, அதில் உடன்படுகிறேன். ஆனால் பயத்தின் அளவு ஆதாரத்தைவிடப் பெரிதாகிவிட்டது. 600க்கும் மேற்பட்ட பெண்களைத் தொடர்ந்து அளந்த 2016 ஆய்வில் ஊசி, ரத்த அழுத்தப் பட்டை, விமானப் பயணம் எதற்கும் வீக்கத்தோடு தொடர்பு தெரியவில்லை. ஆபத்தைக் கூட்டுபவை: அக்குள் முடிச்சுகளை மொத்தமாக எடுத்தது, அக்குளுக்குக் கதிர்வீச்சு, உடல் பருமன், கையில் தோல்தொற்று. மொத்தமாக எடுத்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு வீக்கம் வருகிறது, சென்டினல் மட்டும் என்றால் வெகு குறைவு. ஆகவே முடிந்தால் மறுகை. அவசரமென்றாலும் இரண்டு பக்கமும் ஆபரேஷன் ஆனவரென்றாலும் தயங்க வேண்டாம்.

பயிற்சிக்கும் பயப்பட வேண்டாம். காயம் ஆறிய பிறகு மேற்பார்வையில் மிக மெதுவாக எடை கூட்டிச் செய்யும் பயிற்சி வீக்கத்தைக் கூட்டுவதில்லை என்று 2009, 2010 ஆண்டுகளில் வெளிவந்த ஆய்வுகள் காட்டிவிட்டன.

உண்மையில் உதவுவது அளப்பதுதான். ஆபரேஷனுக்கு முன்பே இரண்டு கையையும் அளந்து எழுதுங்கள்: மணிக்கட்டு எலும்பில் தொடங்கி 10 செ.மீ.க்கு ஒரு இடம், மேல்கை வரை. அதே டேப், அதே நேரம், டேப்பை இறுக்காமல். பிறகு மாதம் ஒரு முறை. முன்னிருந்ததைவிடவோ மறுகையைவிடவோ 2 செ.மீ. கூடினால் காட்டுங்கள். மோதிரம் இறுகுவதும், கை கனப்பதும், சட்டைக்கையின் தடம் பதிவதும் டேப்புக்கு முன்னாலேயே சொல்லிவிடும். வீக்கத்துக்குக் கையில் மாட்டும் அழுத்த உறையை அளவெடுக்காமல் வாங்கி மாட்டாதீர்கள். மேல்பக்கம் இறுக்கினால் கீழே இன்னும் வீங்கும். கை திடீரென்று சிவந்து சூடானால் அன்றே ஆன்டிபயாடிக் தேவை.

#20 நூல்கண்டு (செயற்கை மார்பகம், உள்ளாடை பொருத்துபவர்)

சுருக்கமாக. காயம் ஆறும்வரை பஞ்சு அடைத்த லேசானது, உள்ளாடையில் கம்பியும் தையல் முடிச்சும் கூடாது. சிலிகான் வகை பொதுவாக ஆறு முதல் எட்டு வாரத்துக்குப் பிறகு. கதிர்வீச்சு நடந்தால் தோல் ஆறிய பிறகு. எடை ஒரு பக்கம் மட்டும் இருந்தால் சிலருக்குத் தோளும் கழுத்தும் கோணும், அதனால் அளவோடு எடையும் பொருந்த வேண்டும். தோள்பட்டி அகலமாக இருக்கட்டும், மெல்லிய பட்டி தோளில் பதியும். பருத்தி நூலில் பின்னிய, உள்ளே நார் அடைத்த வகையைத் தன்னார்வலர்கள் செய்து கொடுக்கும் இடங்கள் உண்டு, வெயிலுக்கு அது நல்லது. எதையும் அணியாமல் தட்டையாகவே இருக்க விரும்புகிறவரை யாரும் வற்புறுத்த வேண்டாம்.

#21 தாழம்பூ

கடைசியாக ஒன்று. டிரெயின் எடுத்த நாலைந்து நாளில் தையலுக்குக் கீழே தண்ணீர்ப் பை மாதிரி குலுங்குகிறது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. விடுமுறை நாள். காத்திருக்கலாமா?

#22 வார்டுசெவிலி

நீர் கோத்திருக்கு. ரொம்பச் சாதாரணம். சின்னதா இருந்தா உடம்பே உறிஞ்சுக்கும். வேலை நாள் வரைக்கும் காத்திருக்கலாம், நாலு நிபந்தனையோட: தோல் பளபளன்னு இறுகலை, சிவக்கலை, காய்ச்சல் இல்லை, தையல் வழியா கசியலை. இதுல ஒண்ணு மாறினாலும் அன்னைக்கே போகணும். இறுகினா டாக்டர் ஊசியால உறிஞ்சி எடுப்பார். அந்த இடம் பெரும்பாலும் மரத்திருக்கிறதால வலி அதிகம் தெரியாது. மறுபடி நிறையலாம், ரெண்டு மூணு தடவைகூட எடுக்க வேண்டி வரும். வீட்டுல ஊசியால குத்தறதோ அமுக்கிப் பிழியறதோ கூடவே கூடாது, கிருமி போனா கீமோ தள்ளிப்போகும். அதுவரைக்கும் கை பயிற்சியைத் தோள் உயரத்துக்குக் கீழ வச்சுக்குங்க.

#23 அல்லி

டிரெயின் கணக்குக்கு மாதிரி கேட்டு நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிக்கொள்ளலாம். எண்கள் உதாரணத்துக்கு.

தேதி ... | காலை 7: டிரெயின் 1 – 35 மி.லி., ரோஸ், டிரெயின் 2 – 20 மி.லி., மஞ்சள்
மதியம் 2: 1 – 25, 2 – 10
இரவு 9: 1 – 30, 2 – 10
24 மணி மொத்தம்: 1 – 90, 2 – 40
உடல் சூடு: காலை, மாலை
வலிமாத்திரை: எது, எத்தனை மணிக்கு
கைப்பயிற்சி: நாலு கட்டம், செய்ததும் டிக்
எழுதியவர் பெயர்